மோட்டார் துடைக்கும் புத்தகத்தின் முதல் பக்கம்

அன்பு மகனுக்கு,

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொல்லிவிட்டேன். மூன்று வயதில் நீ உன் சட்டையைக் கழற்றி என் வண்டிச் சக்கரத்தைத் துடைத்தாய். அப்போதே உன் சித்தியைக் கூப்பிட்டு, இவன் மோட்டார்த் தொழிலில் பெரிய ஆளாக வருவான் என்றேன். புத்தகம் போடுவான் என்றும் சொன்னேன். அன்று அதைக் கேட்டவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், மீதிப் பேர் ஞாபகம் இல்லை என்கிறார்கள். அதற்கு நான் என்ன செய்ய முடியும். எனக்கென்று பிள்ளை இல்லை. அண்ணன் பிள்ளையாகிய உன்னைத்தான் மகனே என்று கூப்பிட்டுப் பழகினேன், இந்தக் கடிதத்திலும் அப்படியே கூப்பிடுகிறேன்.

உன் கடிதம் வந்து சேர்ந்தது. மோட்டார் வண்டியைக் கழுவவும் துடைக்கவும் மெருகேற்றவும் தமிழில் ஒரு புத்தகம் போடுகிறாய், எந்தெந்த விஷயத்தை விரிவாக எழுதலாம் என்று சொல்லுங்கள் சித்தப்பா, என்று கேட்டிருக்கிறாய். கேட்க வேண்டிய ஆளைத்தான் கேட்டாய். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது, ஆனால் பாகூர்ப் பண்ணையார் வண்டியைப் பத்தொன்பது வருஷம் ஓட்டினேன். அதன் மேல் நான் போட்ட துணியைக் கிழித்துத் தோரணம் கட்டினால் இங்கிருந்து புதுச்சேரி வரைக்கும் கட்டலாம். கடிதத்தின் அடியில் இன்னும் இரண்டு வரி எழுதியிருந்தாய். முதல் பக்கத்தில், 'என் தகப்பனார் செய்த பிழை' என்று தலைப்புக் கொடுத்து, பண்ணையார் வீட்டுக் கல்யாணத்தில் உன் அப்பா வண்டியைக் கெடுத்த கதையைப் போடப் போகிறாயாம். வெள்ளிக்கிழமை அச்சுக் கோக்க ஆரம்பிக்கிறார்களாம். அப்பாவிடம் படித்துக் காட்டினாயாம். அவர், "உன் சித்தப்பனக் கேட்டுக்கினு எழுது" என்று மட்டும் சொன்னாராம்.

அந்த ஒரு வரியை நான் நாலைந்து தரம் படித்தேன். உன் சித்தி, "இன்னா, காயிதத்தையே முறைச்சிக்கினு கீற" என்றாள். எழுத்து சின்னதாக இருக்கிறது என்றேன். இரண்டு தரம் பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன், இது மூன்றாவது. நாளைக் காலை பஸ்காரனிடம் கொடுத்தனுப்புகிறேன், வியாழக்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிடும். வந்ததும் கடைசி வரைக்கும் படி. படித்து முடிக்கும் வரை அந்த முதல் பக்கத்தை அச்சாபீசுக்குக் கொடுக்காதே. மற்ற பக்கங்களைக் கொடு, பாதகமில்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். முதலில் சேற்றைப் பற்றி எழுது. கழுவுவது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று ஒரே வரியில் தாண்டிவிடாதே, அதற்கு ஒரு தனி அத்தியாயம் வேண்டும். நம் பாகூர் ஏரிக்கரைக் களிமண் வேறு, சேதராப்பட்டுப் பக்கத்துச் செம்மண் வேறு. களிமண் அப்பிக்கொண்டால் விரலால் பேர்க்காதே. ஈரச் சாக்கைப் போர்த்தி ஊறவிடு, தானாகக் கழன்று விழும். செம்மண் தூளாக உட்கார்ந்திருக்கும், பார்த்தால் சாதுவாகத் தெரியும். அதன் மேல் காய்ந்த துணி பட்டதோ, உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல் கோடு கோடாக விழுந்துவிடும். மேலேயிருந்து தண்ணீரை விட்டுக்கொண்டே வா, துணி கடைசியில்தான் வரவேண்டும். துணியும் பழைய வேட்டித் துணியாக, கஞ்சி போகத் துவைத்ததாக இருக்கட்டும். ஓர் ஐப்பசியில் பண்ணையாரை ஏற்றிக்கொண்டு ஏழு மைல் சேற்றில் வந்தேன். வீட்டு வாசலில் இறங்கிய மனிதர் திரும்பிப் பார்த்துவிட்டு, "யார் வண்டிடா இது?" என்றார். அத்தனை சேற்றையும் ஒரு கீறல் விழாமல் எடுத்தவன் நான். இதைப் புத்தகத்தில் போடலாம், என் பெயரோடு போட்டாலும் ஆட்சேபம் இல்லை.

அடுத்தது பாகு. டவுன்காரர்கள் எழுதும் புத்தகத்தில் இது இருக்காது, நம் ஊர்ப் பக்கத்துக்கு இதுதான் முக்கியம். ஏம்பலத்தில் கரும்பாலை ஓடும் மாதங்களில் பண்ணையார் தினமும் கொட்டகைக்குப் போவார். வண்டியைக் கொட்டகை ஓரமாக நிறுத்தினால் வெல்லப்பாகு தெறித்து மட்கார்டில் ஒட்டிக்கொள்ளும். அதை முதல் தடவை நான் பேனாக்கத்தியால் சுரண்டினேன். பாகோடு சேர்ந்து வர்ணமும் வந்தது. கைபொறுக்கும் சூட்டில் வெந்நீர் நனைத்த துணியைப் போட்டுக் காத்திருந்தால் அதுவே இளகியிருக்கும். காத்திருக்க எனக்குத் தெரியவில்லை, எந்தக் காலத்திலும் தெரியவில்லை. சீட்டின் தையல் இடுக்கில் போன பாகை நான் பார்க்கவே இல்லை. உள்ளே அடைத்திருந்த தேங்காய் நாரில் எறும்பு குடும்பம் நடத்தத் தொடங்கிவிட்டது. பண்ணையார் உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார். "இன்னாடா, சீட்டுல முள்ளு வச்சிருக்கியா?" என்றார். "முள்ளு இல்லீங்கய்யா, எறும்பு" என்றேன். "எறும்புக்கு இன்னாடா மோட்டாருல வேல?" "நடந்து நடந்து அதுக்கும் கால் வலிச்சிருக்கும்யா" என்றேன். சிரித்துவிட்டார், அன்று பிழைத்தேன். ஏம்பலத்திலிருந்து பாகூர் வரைக்கும் அந்த எறும்பு வரிசை நின்றது என்று ஊரில் சொல்லி வந்தேன். நீ அச்சில் போடும்போது வாசலிலிருந்து வண்டிக் கொட்டகை வரை என்று குறைத்துக்கொள்.

பூசை போட்ட வண்டியைச் சுத்தம் செய்வது பற்றியும் எழுதத்தான் வேண்டும். இங்கே வண்டியை அழுக்கு கெடுத்ததைவிடப் பக்தி கெடுத்ததுதான் அதிகம். ஆயுத பூசையன்று பானெட்டின் மேலேயே கற்பூரத்தை வைத்துக் கொளுத்துகிறார்கள். குளிர்ந்த பிறகு பார்த்தால் தோசை அளவுக்கு வட்டம் வெடித்துக் கிடக்கும், அதற்கு மருந்தே இல்லை. தட்டில் வைத்துச் சுற்றச் சொல். சந்தனத்தையும் குங்குமத்தையும் காயவிடாமல் அன்று மாலையே ஈரத்துணியால் எடுக்கச் சொல். திருஷ்டி கழித்த எலுமிச்சைச் சாறு வர்ணத்தில் பட்டால் உடனே தண்ணீர் விடவேண்டும். புளிப்பு எதுவாக இருந்தாலும் வர்ணத்துக்கு ஆகாது. இந்த வாக்கியத்தைப் பெரிய எழுத்தில் போடு, இதற்கு நான் திரும்பவும் வருவேன்.

துணிக்கூரைக்கு ஒரு பாடம். ஈரத்தோடு மடித்தால் இரண்டே நாளில் பூஞ்சை. வில்லியனூருக்குப் போகும் வழியில் நம் பிரெஞ்சு எல்லைக்கு நடுநடுவே இங்கிலீஷ்காரன் கிராமம் வருகிறதே, அந்தச் சுங்கச் சாவடியில் ஒருநாள் காவற்காரன் மடித்த கூரைக்குள் கையை விட்டுத் துழாவினான். சாராயப் புட்டி தேடினானாம். கையை எடுத்து முகர்ந்து பார்த்தான். "உள்ள இன்னாய்யா செத்துக் கெடக்குது?" என்றான். நான் விறைப்பாக நின்று, இது பிரெஞ்சு துரைமார் பூசும் அத்தர் என்றேன். அவன் சல்யூட் அடித்தான் என்றுதான் இதுவரைக்கும் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். சல்யூட் அடிக்கவில்லை. காறித் துப்பிவிட்டுப் போகச் சொன்னான். பார், இன்றைக்கு எனக்கு உள்ளதைச் சொல்லத்தான் வருகிறது, என்னவோ தெரியவில்லை.

இப்போது யுத்தத்தால் பெட்ரோல் கிடைக்காமல் வண்டிகளெல்லாம் முதுகில் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடுகின்றனவே, அந்தக் கரித்தூளைப் பற்றியும் எழுது. அதை முதலில் இறகால் தட்ட வேண்டும், பிறகு தண்ணீர், பிறகுதான் சோப்பு. கரியில் எண்ணெய் மட்டும் படவே கூடாது. எண்ணெயும் கரியும் சேர்ந்தால் அது மை. அந்த மை எங்கே போய் ஒட்டும் என்று தொட்டவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

இனி பித்தளை. எழுதிக்கொண்டே வந்து இங்கே நின்றுவிட்டேன். உன் சித்தி இரண்டு தரம் சோற்றுக்குக் கூப்பிட்டாள், வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பண்ணையார் முதன்முதலில் வாங்கிய வண்டியை நீ பார்த்ததில்லை. புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சு வியாபாரி ஓட்டிவிட்டு விற்றது. உடம்பெல்லாம் கறுப்பு, முகம் பார்த்து மீசை திருத்தலாம். முன்னால் இரண்டு பெரிய பித்தளை விளக்கு. டிரைவர் உன் அப்பா, துடைக்கிறவன் நான். உன் அப்பா அதன் அருகே செருப்புப் போட்டுக்கொண்டு நிற்கமாட்டார். பண்ணையார் மகளுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை வில்லியனூர்க் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு, நம் வண்டியில் கூரையை இறக்கிவிட்டுத் தெருத் தெருவாக ஊர்வலம். அப்போது நீ உன் அம்மா வயிற்றில் ஏழு மாதம். எனக்கும் அடுத்த மாதம் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. உன் சித்தியின் அப்பாவும் அதே பண்ணையில் இருந்தவர்தான். பண்ணையார் வேண்டாம் என்றால் வேண்டாம், அவ்வளவுதான்.

எத்தனை வீட்டு விசேஷத்தில் நான் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன், நீயும் எத்தனை தரம் சிரித்திருக்கிறாய். நான் சொல்லி வந்தபடியே இன்னொரு தரம் எழுதுகிறேன். அன்று மத்தியானம் நான் மாலையும் சரமும் வாங்கப் பூக்கடைக்குப் போனேன். உன் அப்பா வண்டியோடு தனியாக இருந்தார். கோயில் குடம் துலக்குகிற மாதிரி புளியையும் செங்கல் பொடியையும் குழைத்து விளக்குகளைத் தேய்த்தார். விளக்கு தங்கமாக வந்துவிட்டது. சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்துக் கதவில் கையகலத்துக்குத் தார் ஒட்டியிருந்தது. பித்தளையைத் தங்கமாக்கிய கை கதவை என்ன ஆக்காது என்று அதே புளியை அங்கேயும் வைத்துத் தேய்த்தார். தார் போயிற்று. கூடவே கறுப்பும் போயிற்று. கதவு காய்ந்த எருமைத்தோல் மாதிரி வெளுத்துப்போனது. ஊர்வலத்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம். வெளுத்ததை மறைக்க விளக்குக் கரியைத் தேங்காயெண்ணெயில் குழைத்து அதன் மேல் தடவினார். பார்த்தால் பழைய பளபளப்பு. நான் பூவோடு திரும்பி வந்தேன், என்னண்ணே இப்படிப் பண்ணிவிட்டாய் என்று தலையில் அடித்துக்கொண்டேன். இதுதான் கதை.

அதற்குப் பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். மேளம் முன்னே போக, உன் அப்பா ஓட்ட, நான் வண்டியின் பக்கப் படியில் நின்றேன். மாப்பிள்ளை வெள்ளைப் பட்டுச் சட்டையில் கதவின் மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தார். நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். கோயில் தெரு திரும்புவதற்குள் முழங்கை வரை கறுப்பு. வியர்க்கிறதென்று அந்தக் கையால் முகத்தைத் துடைத்தார். கன்னத்தில் ஒரு பட்டை, மூக்கில் ஒரு பட்டை. மாடியிலிருந்து ஒரு பெண்பிள்ளை, "மாப்ள இன்னாடி அடுப்பங்கரையிலேருந்து எழுந்து வராரு" என்றாள். தெருவே சிரித்தது. மேளம் நின்றது. மாப்பிள்ளையின் அப்பா வண்டியை விட்டு இறங்கி, பிள்ளையையும் இறங்கச் சொன்னார். அவர்களைச் சமாதானம் செய்து, சட்டை மாற்றி, நடத்தியே பந்தலுக்கு அழைத்துப் போனார்கள். அந்தக் கால் மணி நேரம் கல்யாணம் நடக்குமா நிற்குமா என்று யாருக்கும் தெரியாது.

பண்ணையார் வண்டியருகே வந்தார். கதவில் விரலை இழுத்துப் பார்த்தார். மையும் வந்தது, அடியில் வெளுப்பும் தெரிந்தது. கத்தவில்லை, மெதுவாகத்தான் கேட்டார். "எவன்டா இதத் தொட்டவன்?"

நான் தரையைப் பார்த்தேன். உன் அப்பா என்னைப் பார்த்தார், எதிர்வரிசையில் நின்ற உன் சித்தியின் அப்பாவைப் பார்த்தார். பிறகு, "நாந்தாங்கய்யா" என்றார்.

"நீயாடா? செருப்பக் கழட்டி வச்சிட்டு ஏறுறவன், நீயா?"

"ஆமாங்கய்யா. புத்தி கெட்டுப் போச்சி."

"நாளையிலேருந்து இந்த வாசல்ல நிக்காத" என்றார் பண்ணையார். "சின்னவனே, நீ ஓட்டத் தெரிஞ்சவன்தானே. ஏறுடா."

வண்டியைச் சுற்றிக் கிளப்பும் இரும்புக் கைப்பிடியை உன் அப்பா தன் துண்டால் துடைத்து என் கையில் கொடுத்தார். கொடுக்கும்போது, "உன் கல்யாணத்த முடி. அப்புறம் பேசிக்கலாம்" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. ஏழு மாதத்து உன் அம்மாவை மாட்டுவண்டியில் வைத்து வில்லியனூருக்கு, மாமனார் வீட்டுக்கு அழைத்துப் போனார். சந்தையில் மூட்டை இறக்கினார். அதன் பிறகு எந்த மோட்டார் மேலும் அவர் கை வைத்து நான் பார்க்கவில்லை. என் கல்யாணத்துக்கு வந்தார், பந்தியில் தண்ணீர் ஊற்றினார். அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்ற பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அதற்குப் பதிலாகத்தான் கதையை எடுத்தேன். முதல் தடவை உன் காதுகுத்தில் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள், உன் அப்பாவும் சிரித்தார். அவர் சிரித்ததால் அடுத்த தடவை எருமைத்தோலைச் சேர்த்தேன், அதற்கடுத்த தடவை கோயில் குடத்தைச் சேர்த்தேன். சொல்லச் சொல்ல எனக்கே அது அப்படித்தான் நடந்ததுபோல் ஆகிவிட்டது. நீ பட்டறைக்கு வேலைக்குப் போன முதல் நாள், "எங்கப்பா மாதிரி நான் வண்டியக் கெடுக்க மாட்டேன் சித்தப்பா" என்று சொன்னாய். உன் அப்பா பக்கத்தில்தான் நின்றார். அன்றைக்காவது நான் வாயைத் திறந்திருக்கலாம். நான் உனக்குத் துணி மடிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

வாயால் சொன்னது காற்றில் போய்விடும் என்று தைரியமாக இருந்தேன். அச்சில் வருவது அப்படிப் போகாதே மகனே. நீ முதல் பிரதியை அவர் கையில்தான் கொடுப்பாய். எழுத்துக்கூட்டித்தான் படிப்பார், ஆனாலும் தன் பெயரை விடாமல் கண்டுபிடித்துவிடுவார். அவர் உன்னைத் தடுக்கவில்லை பார், இத்தனை வருஷமாக என்னையும் தடுக்கவில்லை. இந்தத் தடவை மட்டும் என்னைக் கேட்கச் சொல்லியிருக்கிறார்.

முதல் பக்கத்தை எடுத்துவிடாதே, அந்தப் பாடம் புத்தகத்துக்கு வேண்டும். விரிவாகவே எழுது. பித்தளைக்கு ஆனது வர்ணத்துக்கு ஆகாது. எந்தப் பூச்சாக இருந்தாலும் மட்கார்டின் அடிப்பக்கத்தில், கண்ணில் படாத இடத்தில் சுண்டுவிரல் அகலம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மேலே தொடவேண்டும். கெட்டுப்போனால் மை பூசி மறைக்காமல் போய்ச் சொல்லிவிட வேண்டும், மறைத்த மை வேறொருவன் முகத்தில்தான் ஒட்டும். இதையெல்லாம் நான் சொன்னதாகவே போடு. தலைப்பை மட்டும், 'என் சித்தப்பா செய்த பிழை' என்று மாற்று. அச்சாபீசுக்குப் போகுமுன் உன் அப்பாவுக்கு இந்தக் கடிதத்தை முழுவதும் படித்துக் காட்டு.

கதையில் மற்றதெல்லாம் நடந்ததுதான். புளி உண்மை, செங்கல் பொடி உண்மை, மாப்பிள்ளை கன்னத்துக் கறுப்பும் உண்மை. ஒன்றே ஒன்றுதான் நான் கட்டிச் சொன்னது. அன்று மத்தியானம் பூக்கடைக்குப் போனவன் நானில்லை. பூ வாங்கப் போனவர் உன் அப்பா.